ஐலா கிவேலாவின் முதல் நட்சத்திரம்

ஐலா கிவேலாவைத் திட்டாத வாய் பைன் போர்ட்டேஜ் ஊரில் கிடையாது. முழங்கால் நன்றாக இருந்த காலம் முழுக்க, அந்த ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையோடு, வாயில் விசிலோடு நடுவராக நின்றவள் அவள். மூக்கொழுகும் பொடிசு முதல் மீசை முளைத்த தடியன் வரைக்கும், தப்பாட்டத்துக்காக அவள் கை நீட்டி, இரண்டு நிமிஷம் வெளியே உட்கார வைக்கிற தண்டனைப் பெட்டிக்குள் அனுப்பாத ஆண்பிள்ளை அங்கே அபூர்வம். இன்றைக்குப் பல் டாக்டராக இருப்பவர், தீயணைப்பு நிலையத்துக்குத் தலைவராக இருப்பவர், ஏன், மேயரே கூட ஒருகாலத்தில் அவள் முன்னால் நின்று "நான் ஒண்ணுமே பண்ணல" என்று விசும்பியவர்கள்தான். பெற்றவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? காபிக் கோப்பை, பாப்கார்ன், ஒற்றைச் செருப்பு என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் அவள் தலைமேல் வந்து விழுந்திருக்கிறது. அவள் துடைத்துக்கொண்டு அடுத்த விசிலை ஊதுவாள்.

முழங்கால் போயிற்று. விசிலைக் கழற்றினாள். அப்பாடா என்று ஊரே மூச்சு விட்டது. அந்த நிம்மதி ஒரே ஒரு குளிர்காலம்தான்; அதற்குள் கூரியர் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் அவள் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய நிருபர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட, ஆசிரியர் ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார். வேறு வழியில்லாமல்தான் அவளை நாலு வரி எழுதிக் காட்டச் சொன்னார். உள்ளூர் அணியைப் பற்றி, "பீவர்ஸ் அணி நேற்று தோற்றது. தோற்க வேண்டியதுதான்" என்று ஆரம்பித்திருந்தாள். மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார்.

அரங்கத்தின் கூரைக்குக் கீழே, இரும்பு ஏணி ஏறிப் போனால் பலகை அடித்த ஒரு பரண் இருக்கும். அதுதான் பத்திரிகைக்காரர்கள் உட்காரும் இடம். ஊர் அதைக் கூண்டு என்று சொல்லும். அங்கே ஐலாவுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. ஒரு கால் ஆடும், மேலிருந்து குளிர் இறங்கும், ஹீட்டர் பாதி நேரம் வேலை செய்யாது. ஆனாலும் அவள் உயிரே அந்த நாற்காலியில்தான் இருந்தது. முழங்கால் போய் வீட்டில் கிடந்த அந்தக் குளிர்காலத்தை அவள் மறக்கவில்லை. ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பனி, திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் கிடையாது. உயிரோடு இருக்கிறோமா என்று தன்னையே கிள்ளிப் பார்த்துக்கொண்ட மாதங்கள் அவை.

பீவர்ஸ் அணிக்கு வந்த ட்ரெவர் டெல்மேஜ் என்கிற புது மேலாளர் கண் வைத்தது அந்த நாற்காலியின் மேல்தான்.

டொராண்டோவிலிருந்து வந்தவன். கழுத்துப்பட்டையும் பளபளக்கும் காலணியும் போட்டுக்கொண்டு பனியில் வழுக்கி வழுக்கி நடப்பான். சீசனின் கடைசி லீக் ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. டெல்மேஜ் ஏணியேறிக் கூண்டுக்குள் வந்தான். அணியை உயரத்துக்குக் கொண்டுபோகப் போகிறோம், அதற்கேற்ற மாதிரி எழுதுகிறவர்களும் இருக்க வேண்டும், அடுத்த சீசனிலிருந்து இதழியல் படித்துத் தேறியவர்களுக்கு மட்டும்தான் இங்கே இடம் என்று அறிவித்தான். அதோடு நிற்காமல் ஒவ்வொருவரையும் பார்த்து, நீங்கள் என்ன படித்தீர்கள், முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று விசாரணை வேறு.

முதலில் மாட்டியவர் லூசியன் கொர்மியே. பிரெஞ்சு வார இதழில் எழுதுகிறவர், தொப்பை பெரிது, குரல் அதைவிடப் பெரிது. பாதிரியாராகப் போவதற்கு ஆறு வருஷம் மடத்தில் படித்ததாகவும், ஒரு பெண்ணுக்காகச் சுவரேறிக் குதித்துவிட்டதாகவும் கூச்சமில்லாமல் சொன்னார். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று டெல்மேஜ் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "அவ வேற ஒருத்தனைக் கட்டிக்கிட்டா. எனக்கு ஹாக்கிதான் மிஞ்சிச்சு."

அடுத்தது நெஸ்டர் போபிக். ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறவர் அவர்தான்; வாராவாரம் ஒரு பத்தியும் எழுதுவார். ஓய்வு பெறுகிறவரை சவ ஊர்தி ஓட்டியவர். "நான் வண்டி ஓட்டறதைப் பத்தி பின்னால படுத்திருந்தவங்க ஒருத்தர்கூட குறை சொன்னது கிடையாது," என்றார். லூசியன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டெல்மேஜ் உதட்டைக்கூட அசைக்கவில்லை.

மூலையில் மெரிடித் இருந்தாள். பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்துவிட்டு இணையப் பத்திரிகை ஒன்றுக்காகப் போன மாதம்தான் வந்து சேர்ந்தவள். அவள் படிப்பைச் சொன்னதும் டெல்மேஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்த மாதிரி ஆட்கள்தான் நமக்கு வேண்டும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்து, மடிக்கணினிக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளலாமா என்பது போல் குனிந்துகொண்டாள்.

கடைசியாக ஐலா பக்கம் திரும்பினான்.

"நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு உனக்குத் தெரியாதா தம்பி? கீழ போய் யாரை வேணா கேளு. கெட்ட வார்த்தையோட சேத்துச் சொல்வாங்க."

டெல்மேஜ் அவள் பக்கத்தில் வந்து குனிந்து, குரலைத் தாழ்த்தினான். பெரிய லீக்கிலிருந்து ஆள் பொறுக்க இரண்டு பேர் வந்திருக்கிறார்களாம், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்களாம். அவர்கள் பார்க்க வந்தது பீவர்ஸ் கேப்டன் ப்ரோடி லவாலேயை. "இன்னிக்கு முதல் நட்சத்திரம் ப்ரோடி. அதை மட்டும் பண்ணிக் குடுங்க. உங்க நாற்காலிக்கு நான் பொறுப்பு. படிப்பு கிடிப்பெல்லாம் கேக்க மாட்டேன்." இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவன் சொல்லவில்லை. நாற்காலியின் அந்த ஆடும் காலைத் தன் காலணியால் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிப் போனான்.

ஹாக்கி நடக்கிற ஊர்களில் இது வழக்கம். ஆட்டம் முடிந்ததும் சிறப்பாக ஆடிய மூன்று பேரை நட்சத்திரம் என்று அறிவிப்பார்கள். பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராகப் பனித்தளத்தில் வந்து ஒரு சுற்றுச் சுற்றிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போவார்கள். மூன்று பேரையும் தேர்ந்தெடுத்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது உள்ளூர்ப் பத்திரிகை நிருபரின் வேலை. பைன் போர்ட்டேஜில் முதல் நட்சத்திரம் சொந்த ஊர்ப் பையனுக்குத்தான். பந்தியில் மாப்பிள்ளைக்கு முதல் இலை போடுகிற மாதிரி, யாரும் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது. வந்த அணிக்காரன் எவ்வளவு ஆடினாலும் இரண்டாவது, மூன்றாவதோடு சரி.

ஐலாவும் இதுவரை அதை மீறியதில்லை. மீற வேண்டிய ஆட்டம் வரவில்லை என்பது ஒன்று. நாற்காலி ஆசை என்பது இன்னொன்று. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அன்றைக்கு வந்திருந்த அணி ஹார்ஸ்ட் ஃபால்ஸ். பட்டியலில் கடைசி. அவர்களுடைய கோல்கீப்பர் எமெட் ரூலோ, நவம்பர் வரைக்கும் பீவர்ஸில்தான் இருந்தான். ஆள் குள்ளம், கோலை அடைக்கப் போதாது என்று சொல்லி டெல்மேஜ்தான் அவனைக் கழற்றிவிட்டான். கழற்றிவிட்ட பிள்ளை எதிரணிச் சட்டையோடு திரும்பி வந்தால் ஊர் சும்மா விடுமா? முதல் நிமிஷத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டார்கள். "சல்-ல-டை! சல்-ல-டை!" என்று கிழவர் முதல் குழந்தை வரை ஒரே தாளத்தில் கத்தினார்கள். நாலு மாசம் முன்னால் இதே பையன் பெயர் போட்ட சட்டையை வாங்கி மாட்டிக்கொண்ட ஜனங்கள்தான் இவர்கள்.

அவனோ நின்றான். எப்படி நின்றான்! பீவர்ஸ் பையன்கள், பந்துக்குப் பதிலாக வைத்து ஆடுகிற அந்த ரப்பர் வில்லையை அடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், மழை மாதிரி அடிக்கிறார்கள். காலால் தடுத்தான், தோளால் தடுத்தான், ஒன்றை முகக்கவசத்தால் முட்டியே தள்ளினான். அவனுக்கு முன்னால் தடுப்பு ஆட்டக்காரர்கள் என்று பெயருக்கு இரண்டு பேர் நின்றார்கள். நிற்காமல் இருந்தாலாவது அவனுக்கு வில்லை வருவது தெரிந்திருக்கும். லூசியன் எழுதுவதை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். இது குள்ளமாம், என்று நெஸ்டர் முணுமுணுத்தார்.

கடைசியில் பீவர்ஸ் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. இரண்டு கோலும் ப்ரோடி போட்டது. முதலாவது சுத்தமான கோல். இரண்டாவது எதிராளி ஒருவனின் காலில் பட்டுத் திரும்பி உருண்டு உள்ளே போனது. ப்ரோடியே ஒரு கணம் நம்பாமல் நின்றான்.

வினையே அங்கேதான் வந்தது. ப்ரோடி மோசமாக ஆடியிருந்தால் ஐலாவுக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஆனால் இரண்டு கோல் என்பது இரண்டு கோல்தான். ப்ரோடி பெயரை எழுதினால் ஒரு பயலும் குறை சொல்ல முடியாது. நாற்காலியும் தங்கும். யார் கேட்கப் போகிறார்கள்?

பேனாவை எடுத்தாள். ப்ரோடி லவாலே என்று முதல் இடத்தில் எழுதினாள். எழுதிய பெயரையே உற்றுப் பார்த்தாள். தண்டனைக்குக் கை தூக்கும்போது இது யார் வீட்டுப் பிள்ளை என்று அவள் ஒருநாளும் பார்த்தது கிடையாது. மேயர் பிள்ளையாக இருந்தாலும் இரண்டு நிமிஷம்தான், தன் சொந்த அக்கா பிள்ளையாக இருந்தாலும் இரண்டு நிமிஷம்தான். அக்கா ஒரு வருஷம் பேசவில்லை. போகட்டும் என்று இருந்தாள். அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு காப்பாற்றிய ஒன்றை, கால் ஆடுகிற நாற்காலிக்காக விற்பதா? அவளுக்குத் தன் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

சீட்டைக் கசக்கிப் போட்டாள். புதுச் சீட்டில் எழுதினாள்: மூன்றாவது, பீவர்ஸின் ஒரு தடுப்பாட்டக்காரன். இரண்டாவது, ப்ரோடி லவாலே. முதலாவது, எமெட் ரூலோ. நெஸ்டர் கையில் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார்.

அதற்குள் டெல்மேஜ் மூச்சிரைக்க ஏறி வந்துவிட்டான். நெஸ்டர் கையிலிருந்து சீட்டைப் பிடுங்கிப் பார்த்தான். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. என்னைக் கேலி பண்ணுகிறீர்களா என்று ஐலாவிடம் கேட்டான். நாம் வேண்டாம் என்று அனுப்பியவனை நம் அரங்கத்திலேயே, அதுவும் அந்த இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, முதல் நட்சத்திரம் என்று நிறுத்துவதா என்று பல்லைக் கடித்தான். அவன் நோவெல்லாம் அதுதான். பையனைக் கழற்றிவிட்டது தப்பு என்று ஊருக்கு முன்னால் ஒலிபெருக்கியில் சொல்லப்போகிறார்கள்.

சீட்டை நாலாகக் கிழித்தான். புதிதாக ஒரு தாளை எடுத்து மெரிடித் முன்னால் போட்டான். "இங்க படிச்ச ஆள் நீங்க ஒருத்தர்தான். நீங்க எழுதுங்க."

மெரிடித் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐலா அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும் என்று பனித்தளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்ணுக்கு இது முதல் வேலை, வாடகை இருக்கிறது, வாழ்க்கை இருக்கிறது. ப்ரோடி என்று எழுதினால் அவளை யார் என்ன சொல்ல முடியும்? மெரிடித் எழுதினாள். எழுதிய தாளை டெல்மேஜிடம் கொடுக்காமல் நேரே நெஸ்டரிடம் நீட்டினாள்.

டெல்மேஜ் எட்டிப் பார்த்தான். அதே மூன்று பெயர். அதே வரிசை.

"ஆடின அணி சொல்றதை எழுதக் கூடாதுன்னுதான் சார் எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் குடுத்தாங்க," என்றாள் மெரிடித். தலை நிமிராமல்தான் சொன்னாள், ஆனாலும் முழுசாகச் சொல்லி முடித்தாள்.

டெல்மேஜ் ஒலிபெருக்கிப் பொத்தானை நோக்கிப் பாய்ந்தான். லூசியன் எழுந்து நின்றார். வேறொன்றும் செய்யவில்லை, எழுந்து மட்டும்தான் நின்றார். அந்தக் குறுகலான பரணில் அவர் தொப்பையைத் தாண்டி ஒரு பூனைகூடப் போக முடியாது. நெஸ்டர் பொத்தானை அழுத்தினார். இறுதி ஊர்வலத்தில் பழகிய அந்த நிதானமான குரல் அரங்கம் முழுக்கப் பரவியது. மூன்றாவது நட்சத்திரம் என்றார், கைதட்டினார்கள். இரண்டாவது ப்ரோடி லவாலே என்றார். கைதட்டல் பாதியில் குழம்பியது. இவன் இரண்டாவது என்றால் முதலாவது யார் என்று ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முதல் நட்சத்திரம், ஹார்ஸ்ட் ஃபால்ஸ் கோல்கீப்பர், எமெட் ரூலோ."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஊளை கிளம்பியது. தொப்பி பறந்தது, கோப்பை பறந்தது. பையன் வரவில்லை. அவனுக்கே நம்பிக்கை வந்திருக்காது. வெகுநேரம் கழித்து, ஈரத் தலையோடு, கவசம் இல்லாமல் வாசலில் தெரிந்தான். திரும்பிப் போய்விடுவான் என்றுதான் ஐலா நினைத்தாள். போகவில்லை. பனியில் இறங்கி, ஊரே சல்லடை சல்லடை என்று கத்தக் கத்த, அவசரமே படாமல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினான். தன் பெயர் போட்ட சட்டையை ஒருகாலத்தில் வாங்கியவர்கள் உட்கார்ந்திருக்கிற பக்கம் வந்தபோது இன்னும் மெதுவாகவே போனான்.

"கேக்குதா?" என்றான் டெல்மேஜ். "ஊரே ஊளையிடுது. உங்களுக்காகத்தான்."

"எனக்கு இது புதுசா தம்பி? இந்தச் சத்தம் இல்லாமத்தான் வீட்ல தூக்கமே வராம கிடந்தேன்."

அவன் கையை நீட்டினான். கழுத்தில் தொங்கிய அனுமதி அட்டையை அவள் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். லூசியனும் தன் அட்டையைக் கழற்றப் போனார். அவள் தடுத்தாள். எல்லாரும் இறங்கிவிட்டால் நாளைக்கு இந்தக் கூண்டில் இவன் சொல்கிறதை எழுதுகிறவர்கள்தான் இருப்பார்கள், அசையாதீர்கள் என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏணியில் இறங்கினாள். உருளைக்கிழங்கு வறுவல் விற்கிற கடையின் மேடையிலேயே வைத்துக் கட்டுரையை எழுதி அனுப்பினாள். கடைக்காரி முறைத்தாள், ஆனாலும் இடம் கொடுத்தாள்.

கூரியர் ஆசிரியருக்கு டெல்மேஜ் போன் மேல் போன் போட்டான். ஆசிரியர் தைரியசாலி என்று சொல்ல முடியாது. கூண்டு விஷயத்தில் அரங்கத்துக்காரர்களோடு சண்டை போட என்னால் ஆகாது என்று ஐலாவிடம் கையை விரித்துவிட்டார். ஆனால் கட்டுரையில் ஒரு வரியைக்கூட வெட்டவில்லை. அதுவரைக்கும் புண்ணியம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், லீக் முடிந்து கோப்பைக்காக ஆடுகிற ப்ளே-ஆஃப் சுற்றின் முதல் ஆட்டம். ஐலா வரிசையில் நின்று, சொந்தக் காசில், கோலுக்குப் பின்னால் ஒரு இடம் வாங்கினாள். ஊரிலேயே வாய் அதிகமான பகுதி அது. படியில் அவள் தலை தெரிந்ததுமே ஊளை ஆரம்பித்தது. நடுவராக நின்றபோதுகூட இவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை. நிஜமாகவே திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். அவளுடைய இருக்கையில், கன்னத்தில் அணிச் சாயம் பூசிய ஒரு தடித்த மனுஷர் கால் பரப்பி உட்கார்ந்திருந்தார்.

"கண்ணு தெரியுமா கிழவி உனக்கு?" என்றார் அவர், சுற்றி இருப்பவர்களுக்கும் கேட்கும்படி.

"நல்லாத் தெரியும். உன் டிக்கெட்டை எடு பாப்போம். நீ உக்காந்திருக்கிறது என் சீட்டு."

அவர் எடுத்துப் பார்த்தார். சுற்றிலும் சிரிப்பு. முனகிக்கொண்டே பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தார். ஐலா உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி, பேனாவை எடுத்தாள். யாரோ முதுகில் பாப்கார்னை எறிந்தார்கள். திரும்பவில்லை.

வில்லையைப் போட்டு ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். பக்கத்து மனுஷர் அவள் தாளை எட்டி எட்டிப் பார்த்தார். அப்புறம் யாருக்கும் கேட்காத குரலில், போன ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையைப் படித்ததாகச் சொன்னார்.

"அந்தப் பையன் நல்லாத்தான் ஆடினான்," என்றார்.

"அப்ப எதுக்கு ஊளையிட்ட?"

"எல்லாரும் இட்டாங்க."

ஐலா பேனாவைத் தாளில் ஊன்றினாள். "நீ சொன்னதை நாளைக்குப் பேப்பர்ல போடறேன். உன் பேரைச் சொல்லு, தப்பில்லாம எழுதணும்."

அவர் பனித்தளத்தைப் பார்த்தார். முன்வரிசையில் கத்திக்கொண்டிருந்த தன் கூட்டாளிகளைப் பார்த்தார். சாயம் பூசிய கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார். பீவர்ஸ் ஒரு கோல் போட்டது, சுற்றி எல்லாரும் எழுந்து குதித்தார்கள், அவர் எழுந்திருக்கவில்லை. சத்தம் அடங்கியதும் பெயரைச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் முழுப் பெயரையும் சொன்னார்.